பதினொன்றாம் நம்பர் சட்டை

எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் பிரிவில் நின்றபடியே செய்கிற வேலை, அதனால் பிழைத்தேன். வேப்பம்பட்டிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குப் போகிற கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோர சீட்டே கிடைத்தாலும் செங்குன்றம் தாண்டுவதற்குள் பத்து தடவை எழுந்து உட்காருவேன். பக்கத்து சீட்டுக்காரி முள் ஏதாவது கிடக்கிறதா என்று சீட்டைத் தடவிப் பார்ப்பாள். இப்படிப்பட்டவள் ஒரு வெப்சைட்டை வைத்து நடத்துகிறேன் என்றால் என் வீட்டிலேயே சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

அது ஒரு கால்பந்து கிளப்பின் வெப்சைட். பெரிய கிளப் என்று நினைத்துவிடாதீர்கள். தொழிற்பேட்டை வந்த புதிதில் வயல் வேலையை விட்டு ரோலிங் மில்லுக்குப் போன ஆட்கள், கவரைப்பேட்டை ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் கிடந்த பொட்டலைக் கொத்திச் சமன் செய்து ஆரம்பித்தது. சில கோப்பைகள் வாங்கியிருக்கிறது, பல கோப்பைகளைக் கோட்டை விட்டிருக்கிறது. ஆனால் அதன் ரசிகர்களைக் கேட்டால் உலகத்தில் வேறு கிளப்பே கிடையாது என்பார்கள். என் தம்பி இப்போதைய டீமில் ஆடுகிறான். கம்ப்யூட்டர் தெரிந்தவள் நீதான் என்று தேனொழுகப் பேசி என்னை இதில் இழுத்துவிட்டவன் அவன்தான். இழுத்துவிட்டு நைசாகக் கழன்றுகொண்டான். ஆஃப்சைடு என்றால் என்ன என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை, ஆனால் கிளப்பின் சரித்திரம் முழுக்க என் தலையில் வந்து விழுந்தது.

என்னோடு இன்னும் இரண்டு பேர். ஒருவன் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன், கவரைப்பேட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடைக்கு ஆள் வராது, அப்போது அவன் ஸ்கேனரும் கம்ப்யூட்டரும் எங்களுக்கு. இன்னொருவர் கிளப்பின் பழைய கோல்கீப்பர். போட்டோவில் இருப்பவர்களை அடையாளம் சொல்வது அவர் வேலை. யார் வீட்டிலிருந்தாவது பழைய போட்டோ வந்தால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, இது நாலாம் நம்பரு, இது ஏழு, இது ஒன்பது என்று கடகடவென்று ஒப்பிப்பார். நம்பரைச் சொன்ன பிறகுதான் அவருக்குப் பெயரே வரும். முகத்தை மட்டும் காட்டினால் தடுமாறுவார். நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கோல்கீப்பர் ஆயிற்றே, கடைசியில் நின்று எல்லோரையும் பார்த்திருப்பார் என்று நம்பினோம்.

என் வேலை போட்டோவை வெட்டுவது. அந்தக் காலத்துப் படங்களில் பந்து ஒரு மூலையில் இருக்கும், மீதி முழுக்க சைக்கிள், மாடு, வேடிக்கை பார்க்கிற கூட்டம், தூரத்தில் மில் புகைபோக்கி. எங்கள் வெப்சைட்டில் இடமோ கொஞ்சம். ஆகவே ஆட்டக்காரர்களை மட்டும் வைத்துக்கொண்டு ஓரத்தை வெட்டித் தள்ளுவது என்று மூன்று பேருமாக முடிவு செய்திருந்தோம். கம்பெனியில் நாளெல்லாம் வார்ப்பில் பிசிறு இருக்கிறதா என்று பார்க்கிற கண் எனக்கு. போட்டோவிலும் ஓரத்தில் ஏதாவது நீட்டிக்கொண்டிருந்தால் கை சும்மா இருக்காது. வெட்டிய பிறகு படம் பளிச்சென்று இருக்கும். துபாயிலிருந்தும் மஸ்கட்டிலிருந்தும் நம்ம ஆட்கள் பார்த்துவிட்டு இதயம் இதயமாக அனுப்புவார்கள். எனக்குத் தலைகால் புரியாது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெரியவர் கடைக்கு வந்தார்.

ஒல்லியான ஆள், முழங்காலுக்கு மேல் தூக்கிக் கட்டிய லுங்கி. மில்லில் வேலை பார்த்த காலத்தில் நெருப்புப் பொறி பட்ட தழும்புகள் முன்கையில் புள்ளி புள்ளியாக இருந்தன. நாற்காலி போட்டோம், உட்காரவில்லை. வாசலுக்கும் ஜெராக்ஸ் மிஷினுக்கும் நடுவே நடந்துகொண்டே இருந்தார். எனக்கே பார்க்கப் பதற்றமாக இருந்தது. கடைசியில் நின்று, பைனல் ஆடிய டீம் என்று ஒரு பக்கம் போட்டிருக்கிறீர்களே, அதில் நான் எங்கே என்று கேட்டார்.

கோல்கீப்பர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை என்று சொல்லிவிட்டார்.

பெரியவர் கோபப்படவில்லை. திரும்பி நின்றார். முதுகைக் காட்டிக்கொண்டு, கையைப் பின்னால் வளைத்து விரலால் முதுகில் ஒன்று, இன்னொரு ஒன்று என்று கோடு இழுத்துக் காட்டினார். "இப்ப தெரியுதா பாரு. பதினோரு நம்பரு. மொதல் பாதி அவன், ரெண்டாவது பாதி நானு."

கோல்கீப்பர் வாயில் இருந்த வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார். கொஞ்ச நேரம் அந்த முதுகையே பார்த்தார். அப்புறம் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் விளங்கியது. கிளப்புக்கு அப்போது ஒரே ஒரு செட் சட்டை. மில்லில் மாலைச் சங்கு ஊதினால் டீமில் பாதி ஆட்கள் டியூட்டிக்கு ஓடவேண்டும். ஆகவே சங்கு ஊதும்போதுதான் இன்டர்வெல். ரெஃபரியே விசிலை வாயில் வைத்துக்கொண்டு சங்குக்காகக் காது கொடுத்துக்கொண்டு நிற்பாராம். சங்கு ஊதியதும் டியூட்டிக்குப் போகிறவர்கள் வியர்வையில் நனைந்த சட்டையைக் கழற்றிக் கொடுப்பார்கள். நைட் டியூட்டிக்காரர்கள் அந்த ஈரத்தையே மாட்டிக்கொண்டு இறங்குவார்கள். நம்பர் அதேதான், ஆள்தான் வேறு. கோல்கீப்பருக்குச் சட்டையை மாற்ற ஆள் இல்லை, அவர் கடைசிவரை ஆடுவார். அவர் நின்ற இடத்திலிருந்து தன் டீமின் முகத்தை எங்கே பார்த்தார்? பார்த்ததெல்லாம் முதுகும் நம்பரும்தான். ஒரு நம்பருக்கு ஒரு முகம் என்று மனசில் ஒட்டிவைத்துக்கொண்டார். அதுவும் ஊரெல்லாம் பேசிய முதல் பாதிக்காரன் முகத்தை.

போட்டோ? போட்டோவும் துணைக்கு வரவில்லை. ஸ்டுடியோக்காரர் பைனலுக்கு மட்டும்தான் வருவார். வந்தாலும் வெளிச்சம் நன்றாக இருக்கும்போதே சுட்டுத் தள்ளிவிட்டு, சங்கு ஊதுவதற்குள் ரயிலைப் பிடிக்கப் போய்விடுவார். ஆக, இரண்டாம் பாதிக்காரர்கள் யாருமே எந்தப் படத்திலும் இல்லை. எங்கள் வெப்சைட்டிலும் இல்லை.

சரி பெரியவரே, இப்போது எழுதிச் சேர்த்துவிடுகிறோம் என்றேன். இதற்கா இவ்வளவு நடை நடந்தார் என்று எனக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது. அவர் தலையை ஆட்டினார். எழுதினால் ஆகாது, போட்டோ வேண்டும் என்றார். அப்புறம்தான் சங்கதியே வெளியே வந்தது.

அவருடைய மருமகன் ஒரு காதுகுத்து விசேஷத்தில், மாமா டீம் நெட்டில் வந்திருக்கிறது என்று போனை எடுத்துச் சொந்தக்காரர்கள் நடுவே பைனல் பக்கத்தைச் சத்தமாக வாசித்திருக்கிறார். எல்லாப் பெயரும் வந்தது, இவர் பெயர் வரவில்லை. மேலும் கீழுமாகத் தள்ளிப் பார்த்தார்கள், இல்லை. யாரோ சிரித்தார்கள். இவருடைய மனைவி சிரிக்கவில்லை. அப்படியானால் அன்றைக்கு மேட்ச் என்று சொல்லிவிட்டு எங்கே போனாய் என்று கேட்டிருக்கிறார். அதற்கு மறுநாள் துணிமணியை எடுத்துக்கொண்டு வேப்பம்பட்டில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போனவர் திரும்பி வரவில்லை.

"நான் பொய் சொல்ல மாட்டேம்மா," என்றார் பெரியவர். "அவகிட்ட மத்த எல்லாத்துலயும் பொய் சொல்லியிருக்கேன். இதுல சொல்லல."

நாலு பேர் பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று ஓய்வு நாளையெல்லாம் தொலைத்து ஒரு காரியம் செய்தால், அது ஒரு வீட்டில் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்திருக்கிறது. கோல்கீப்பர் மேல் கோபம், என் தம்பி மேல் கோபம், அந்தக் காதுகுத்தில் சிரித்த ஆள் யாரென்றே தெரியாது, அவர் மேலும் கோபம்.

பைனல் படத்தைப் பெரிதாக்கினேன். முதல் பாதிக்காரர் பந்தை அடிக்கக் காலை ஓங்கியிருக்கிற நல்ல படம், எங்கள் முகப்புப் பக்கத்திலேயே இருப்பது. பெரியவர் திரையில் இடது ஓரத்தைத் தொட்டுக் காட்டினார். அங்கே சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே ஒரு பாதமும், ஒயர் கூடையின் பாதியும் தெரிந்தன. அந்தக் கால் என்னுடையது, அந்தக் கூடை என்னுடையது என்றார். அதற்கு மேல் இருந்த ஆளை வெட்டியது நான். வெட்டாத முழு ஸ்கேன் இருக்கிறதா என்று ஜெராக்ஸ்காரனைப் பார்த்தேன். போன மழையில் கடைக்குள் தண்ணீர் புகுந்தபோது பழைய கம்ப்யூட்டர் போய்விட்டதே, அதோடு அதுவும் போயிற்று என்றான்.

மகள் வீடு எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தது. சாயங்காலம் நானே போனேன். பெரியவருடைய மனைவி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வெப்சைட் நடத்துகிறவள் நான்தான், தப்பு எங்கள் மேல்தான் என்று சொல்லிக் கால் தெரிகிற படத்தைக் காட்டினேன். அவர் கீரை ஒட்டிய விரலால் போனைத் தொடாமல் எட்டிப் பார்த்தார்.

"காலு யாருக்குத்தான் இல்ல?" என்றார். கூடையைக் காட்டினேன். அந்தக் காலத்தில் எல்லார் வீட்டிலும் அந்த நிறக் கூடைதான், ஸ்டேஷன் வாசலில் விற்றது என்று சொல்லிவிட்டு மறுபடியும் கீரையை எடுத்தார்.

நான் எழுந்து போயிருக்கவேண்டும். போகவில்லை, நின்றுகொண்டே இருந்தேன். என் நிலைகொள்ளாமையைப் பார்த்து அவருக்கே பாவமாக இருந்திருக்கும். உட்காரச் சொல்லிவிட்டுத் தானாகவே சொல்ல ஆரம்பித்தார்.

அப்போது அவர்கள் குடியிருந்தது பொன்னேரிக்கு அப்பால் பழவேற்காடு போகிற ரோட்டில். மூத்த குழந்தைக்குப் பல் முளைக்காத வயது. பைனல் அன்றைக்குக் காலையிலிருந்தே குழந்தை உடம்பு சுட்டது. மத்தியானச் சாப்பாடு ஆனதும் பெரியவர் கூடையில் ராத்திரிச் சோற்றை எடுத்துக்கொண்டு, மேட்ச் இருக்கிறது, அப்படியே டியூட்டிக்குப் போய்விடுவேன் என்று கிளம்பிவிட்டார். அடுத்த பஸ்ஸில் போகக்கூடாதா என்று கேட்டதற்கு முடியாது என்றார். அவர் போன கொஞ்ச நேரத்தில் குழந்தைக்கு வலிப்பு வந்துவிட்டது. அந்த அம்மா தனி ஆளாகத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடி, பஸ்ஸை மறித்துப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். பஸ்ஸில் அவர் கதறிய கதறலில் டிரைவர் எந்த ஸ்டாப்பிலும் நிறுத்தவில்லையாம். குழந்தை பிழைத்துவிட்டது. உள்ளே சமையலறையில் தோசைக்கல்லைக் கழுவிக்கொண்டிருந்த மகள்தான் அந்தக் குழந்தை. மறுநாள் காலை அவர் கோப்பை ஜெயித்த லட்டுப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தபோது வீடு பூட்டிக் கிடந்தது.

இதில் இன்னொன்றும் இருந்தது. ஸ்டேஷன் பக்கம் ஒரு வீட்டுக்கு அவர் போய்வருவதாக அந்த நாளில் அக்கம்பக்கத்தில் ஒரு பேச்சு. அவர் மேட்ச் மேட்ச் என்று சத்தியம் செய்தார், இந்த அம்மாவும் நம்பித்தான் இத்தனை காலம் குடும்பம் நடத்தினார்.

"மெய்யாலுமே எவ ஊட்டுக்காவது போயிருந்தா கூட சண்டை போட்டு அத்தோட முடிச்சுடுவேன் பாப்பா," என்றார். "தெரியாம கீறதுதான் பேஜாரு. அன்னிக்கு நான் கொழந்தைய தூக்கினு ஓடுறப்ப இந்த ஆளு எங்க இருந்தாரு? அது ஒண்ணு எனக்கு தெரியணும்."

அந்த வாரம் முழுக்க நான் ஒரு வேலையும் உருப்படியாகச் செய்யவில்லை. லைனில் நல்ல பீஸை ரிஜெக்ட் டப்பாவில் போட்டு சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி இடம் மாறி உட்கார்ந்தாள். வெப்சைட்டில் இருந்த ஒவ்வொரு படத்தையும் போனில் திறந்து ஓரத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு படத்தில் முழங்கை, ஒரு படத்தில் பாதி தோள், ஒரு படத்தில் தலைமுடி மட்டும். இத்தனை நாள் அதெல்லாம் எனக்குப் பிசிறாகத் தெரிந்தது. இப்போது ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் வீட்டில் சண்டை மூட்டிவிடுமோ என்று பயமாக இருந்தது.

அந்தப் பைனல் படம் எங்களுக்கு வந்தது வள்ளூரிலிருந்து. முதல் பாதிக்காரர் இறந்து சில வருஷம் ஆகிவிட்டது, அவருடைய மனைவி கொடுத்தது. ஸ்கேன் செய்துவிட்டுத் திருப்பிக் கொடுத்திருந்தோம். சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளுக்கு நேர் எதிரே தெரு. காற்று இந்தப் பக்கம் அடித்தால் கொடியில் காய்கிற துணி சாம்பல் பூத்துவிடும். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே சுவரில் படத்தைப் பார்த்துவிட்டேன். பார்த்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

அந்தப் படத்துக்கு அவருடைய மகன் பிரேம் போட்டிருந்தான். சந்தனமாலை போட்டு, கண்ணாடியில் நெற்றிக்கு நேராகக் குங்குமம் வைத்து, மேலே ஒரு சின்ன சிவப்பு பல்பு எரிந்தது. படத்தைச் சுற்றி அகலமாக ஒரு வெள்ளை அட்டை. அந்த அட்டை இடது ஓரத்தை மறைத்துக்கொண்டிருந்தது. பிரேமுக்குள் இப்போது பாதமும் இல்லை, கூடையும் இல்லை. அட்டைக்குப் பின்னால் ஓரம் இருக்கிறதா, இல்லை பிரேம் கடைக்காரரும் என்னைப் போலவே வெட்டித் தள்ளிவிட்டாரா என்பது பிரித்துப் பார்த்தால்தான் தெரியும்.

செத்துப்போனவர் படத்தைப் பிரித்துக் காட்டுங்கள் என்று ஒரு வீட்டில் எப்படிக் கேட்பது? நான் டீயைக் கையில் வைத்துக்கொண்டு என்னென்னவோ பேசினேன். மின்சாரம் பற்றி, சாம்பல் பற்றி, அவர் பேரன் எந்த ஸ்கூல் என்பது பற்றி. டீ ஆறிவிட்டது. கடைசியில் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். உங்கள் வீட்டுக்காரர் போட்டதாக நாங்கள் எழுதியிருக்கிற கோல்களில் சில இன்னொருவர் போட்டதாக இருக்கலாம் என்பதையும் சேர்த்து.

அந்த அம்மா அசரவில்லை. "ரெண்டாவது பாதில இவரு எங்க கோல் போட்டாரு? இவரு அப்ப மில்லுலதானே இருப்பாரு," என்றார். டியூட்டி முடிந்து வந்ததும் இவர் கேட்கிற முதல் கேள்வி, என் சட்டை எத்தனை கோல் போட்டது என்பதுதானாம். அப்புறம் சிரித்துக்கொண்டே சொன்னார், அந்த இரண்டாம் பாதி ஆளைப் பற்றி இவர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார் என்று. ஆட்டம் ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே வந்து, சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுக் கோட்டு ஓரம் நின்றுகொண்டு இவருடைய காலையே பார்த்துக்கொண்டிருப்பாராம், எப்போது சுளுக்கும் என்று.

மாலையைக் கழற்றிக் கண்ணில் ஒற்றிச் சாமி மாடத்தில் வைத்தார். படத்தை இறக்கித் தரையில் கவிழ்த்தார். காய் நறுக்குகிற கத்தியின் முனையால் பின்பக்க ஆணிகளை ஒவ்வொன்றாக அவரே நிமிர்த்தினார். நான் பிடிக்கிறேன் என்று கை நீட்டினேன், கண்ணாடி இருக்கிறது, நீ சும்மா இரு என்றார். பலகையை எடுத்து, அட்டையை எடுத்து, போட்டோவைத் திருப்பினார்.

ஓரம் அப்படியே இருந்தது. வெள்ளைக் கோட்டுக்கு வெளியே வெறும் உடம்போடு, டவுசரோடு, கழுத்தை நீட்டிக்கொண்டு ஒரு இளைஞன். காலடியில் கூடை. அதே ஒல்லி, அதே காது. எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் வெட்டும்போது இந்த முகத்தைப் பார்த்திருப்பேன் இல்லையா, பார்க்காமலா வெட்டினேன் என்று நினைக்க நினைக்க என் மேலேயே ஆத்திரமாக வந்தது. முழுப் படத்தையும் போனில் எடுத்துக்கொண்டேன். பிரேமை மறுபடி பூட்டும்போது அந்த அம்மா வெள்ளை அட்டையை வைக்கவில்லை. அவனும் கொஞ்சம் தெரியட்டும், இவருக்குத் துணையாக இருக்கும் என்றார்.

மறுநாள் ஜெராக்ஸ்காரன் அதைப் பெரிய தாளில் பிரின்ட் போட்டுக் கொடுத்தான். கோல்களை என்ன செய்வது என்று கோல்கீப்பரைக் கேட்டோம். நம்பர்தான் எனக்குத் தெரியும், நம்பர் பேரிலேயே போடு என்றார். அதுதான் சரி என்று எனக்கும் பட்டது. பதினொன்றாம் நம்பர் சட்டை போட்ட கோல் என்று எழுதி, அதன் கீழே இரண்டு பெயரையும் போட்டுவிட்டேன்.

பெரியவரையும் கூட்டிக்கொண்டு வேப்பம்பட்டுக்கு வந்தேன். வழியெல்லாம் அவர் ரயிலில் கதவோரம் நின்றார், நானும் நின்றேன். இவ்வளவு காலி சீட் இருக்க இவர்கள் ஏன் நிற்கிறார்கள் என்று ஒரு பூக்காரம்மா எங்களை மாறி மாறிப் பார்த்தார். வெளியே மகிழ்ச்சியாக இருந்தாலும் உள்ளுக்குள் எனக்கு ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது. என்ன என்று அப்போது தெரியவில்லை.

மகள் வீட்டுக்கு வந்ததும் பெரியவர் கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டார். நீ போய்க் காட்டு என்று என்னை உள்ளே தள்ளினார்.

அந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, தாளை வெளிச்சத்துக்குப் பிடித்தார். ரொம்ப நேரம் பார்த்தார். மகளும் பின்னால் வந்து எட்டிப் பார்த்து, அப்பாதான், அப்பாவேதான் என்றாள். அந்த அம்மாவின் முகத்தில் இருந்த இறுக்கம் இறங்கியது போல இருந்தது. அப்பாடா என்று நான் மூச்சு விட்டேன். அவசரப்பட்டுவிட்டேன்.

இது சங்குக்கு முன்னால் எடுத்த படமா, பின்னால் எடுத்ததா என்று கேட்டார்.

முன்னால் என்றேன். ஸ்டுடியோக்காரர் சங்குக்குள் போய்விடுவார் என்று விளக்கமும் சொன்னேன். அப்படியானால் இவர் இன்னும் ஆடவே ஆரம்பிக்கவில்லை இல்லையா என்றார். ஆமாம் என்றேன். ரயிலில் உறுத்தியது என்ன என்று அப்போதுதான் தெரிந்தது.

அவர் தாளைக் கையில் வைத்தபடி கேட் பக்கம் போனார். அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் கேட்டுக் கம்பிகள். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். குரல் உயரவே இல்லை.

"அடுத்த பஸ்ல போயிருந்தா கூட சங்குக்கு முன்னாடி போய் சேர்ந்திருப்ப. இங்க சொம்மா நின்னுகினு இருந்திருக்க. அந்த நேரம் ஊட்ல இருந்திருந்தா, நான் கொழந்தைய வெச்சுகினு தனியா ஓடியிருக்க மாட்டேன்."

பெரியவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். பொய் சொல்லவில்லை என்று நிரூபிக்கத்தான் அவர் அவ்வளவு தூரம் அலைந்தார். நிரூபித்தாயிற்று. என்னைப் போல ஓரிடத்தில் இருக்கமாட்டாத ஆள், ஆடாமல் அசையாமல் நின்றார். எனக்கு அந்த இடத்தை விட்டு ஓடிவிடவேண்டும் போல இருந்தது.

"அவனுக்கு கால் சுளுக்கினா மொதல்லயே எறங்கலாம்னுதான்," என்றார் கடைசியில். "ஊட்ல இருப்பு கொள்ளல."

அந்த அம்மா அவரையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அதில் நிற்கிறவனுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. விலா எலும்பு தெரிகிறது. முதல் பாதிக்காரன் கால் எப்போது சுளுக்கும் என்று கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கிறான். அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்ததா, அழுகை வந்ததா என்று என்னால் சொல்ல முடியவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்தார். தாளை என் கையில் கொடுத்தார்.

"நெட்ல போடு பாப்பா," என்றார். "ஆடினாருன்னு போடாத. நின்னுகினு இருந்தாருன்னு போடு."

அப்படியே போடுகிறேன் என்றேன்.

அவர் உள்ளே போனார். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. மகள் ஏதோ சொல்ல, அம்மா ஏதோ அதட்ட, பீரோ மூடுகிற சத்தம். பெரியவர் உள்ளே வராமல், போகவும் போகாமல் கம்பியைப் பிடித்தபடியே இருந்தார். கொஞ்ச நேரத்தில் அந்த அம்மா துணிப்பையோடு வெளியே வந்தார். கேட்டைத் திறந்து, அவர் முகத்தைப் பார்க்காமல் பையை அவர் கையில் திணித்துவிட்டு, ஸ்டேஷன் ரோட்டில் விடுவிடுவென்று நடந்தார். தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னா, இன்னும் அங்கியே நின்னுகினு கீற? வா."